மூன்றாவது மாடியில் எலிமினேஷன்

மூன்றாவது மாடி வார்டில் ஆயா வேலை பார்க்கும் அவளை ‘சிஐடி அக்கா’ என்றுதான் ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூப்பிடுவார்கள். குழாயில் தண்ணீர் நின்றால்கூட யாரோ வேண்டுமென்றே அடைத்துவிட்டார்கள் என்பாள். கணவன் போனபிறகு மைத்துனன் இனிக்க இனிக்கப் பேசியே வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டான். அதிலிருந்து யாரையும் நம்புவதில்லை.

எலிமினேஷன் என்ற சொல் அவளுக்குப் பழக்கம்தான். “நாலாம் கட்டிலுக்கு எலிமினேஷன் ஆச்சா?” என்று நர்ஸ் கேட்டால், அந்த ஆள் வெளிக்குப் போனாரா என்று அர்த்தம். பெட்பேனை எடுத்துப்போய்க் கழுவுவது இவள் வேலை.

ஒருநாள் புது மேனேஜர் போனில் பேசியபடி வராந்தாவில் போனார். “மூணாவது மாடியில அடுத்த மாசம் எலிமினேஷன முடிச்சிடுவோம். ஆயாங்ககிட்ட இப்ப சொல்ல வேணாம்.”

வெளிக்குப் போவதையா அடுத்த மாதம் முடிப்பார்கள்?

வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகளிடம் கேட்டாள்.

“ரெண்டு தெரியாதது இருக்கும்மா. ஒண்ணத் தூக்கிட்டா இன்னொண்ணு என்னன்னு தெரிஞ்சிடும். அதான் எலிமினேஷன்.”

“டிவி பாட்டுப் போட்டியில சொல்றாங்களே?”

“அதுலயும் தூக்கறதுதான். அழுதுகிட்டே பொட்டியோட கிளம்பிடுவாங்க.”

வார்டில் ஆயாக்கள் இரண்டே பேர். இவளும், ஒல்லி என்று பேர்பெற்ற இன்னொருத்தியும். மறுநாள் ஒல்லி மேனேஜர் அறைக்குள் போய்ச் சிரித்தபடி வெளியே வந்தாள். அவ்வளவுதான், இவளுக்குத் தூக்கம் போயிற்று.

“என்னக்கா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. உன் வேலையப் பாரு.”

பேச்சு நின்றது. கழுவிய பெட்பேனையே மறுபடி கழுவினாள். குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாதல்லவா.

பிறகு ஒரு காலையில் பெரிய மெஷின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேனேஜர் பின்னாலேயே வந்தார். “இனிமே பெட்பேன இது கழுவிக்கும். கையால கழுவற வேலைய அடியோட எலிமினேட் பண்ணியாச்சு. மெஷின் வந்து சேருமான்னே தெரியல, அதான் சொல்லல.”

அவர் போனதும் ஒல்லி மெல்ல வாயைத் திறந்தாள். “அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்கதான் என்னப் போட்டுக் குடுத்து வெளிய அனுப்பப் பாக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“நானா? நீ எதுக்கு அவர் ரூமுக்குப் போய்ப் பல்ல இளிச்சிட்டு வந்த?”

“அவர் போன்ல எலிமினேஷன்னு பேசினது என் காதுலயும் விழுந்துச்சு. என்னத் தூக்கிடாதீங்கன்னு கெஞ்சத்தான் போனேன். ஒண்ணும் ஆகாது போம்மான்னாரு, அதான் சிரிச்சேன்.”

இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மெஷினைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

“இது கழுவுச்சுன்னா, ரெண்டு ஆயா எதுக்குடி?”

அந்தச் சந்தேகம் வீண்போகவில்லை. கொஞ்ச நாளில் ஒல்லியைக் கீழே எக்ஸ்ரே அறைக்குச் சக்கர நாற்காலி தள்ள அனுப்பினார்கள். சம்பளம் குறையவில்லை. மதியமானால் சிஐடி அக்கா சாப்பாட்டு டப்பாவோடு மூன்று மாடி இறங்குகிறாள். ஒல்லி பெஞ்சில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.