லைனுக்கு ஒரு டோக்கன்

மாலை நான்கு பத்து. மேடைப் படியருகே நான் முதலில் பார்த்தது அக்காவின் கையிலிருந்த தாளை. அச்சடித்த பாட்டு வரிகளில் ஒன்று மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியின் மகளிர் தின விழா அது. வட்டாரச் செய்தியாளனான எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவே உறுத்தியது.

எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவர் அங்கே தையல் பிரிவில் இருந்தார். மாதனூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டு ராப் பாடுவார். கழிப்பறைக்குப் போக, நாற்பது பேர் உட்கார்ந்து தைக்கும் லைனுக்கு ஒரு டோக்கன். போனவள் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழலாம். அதைத்தான் பாடினார்: “நாப்பது பேருக்கு ஒரே டோக்கனு, அடக்கிக்கினு தைக்கிறோம் உன் ஷூவ.” துப்பட்டாவால் முகத்தை மூடிப் பாடிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தது கம்பெனி. வேலை போய்விடும் என்று நினைத்தோம். விழாவில் பாடக் கூப்பிட்டார்கள்.

“அடிச்சது யாருக்கா?”

“எச்.ஆர். மேனேஜருதான் தம்பி. அந்த டோக்கன் வரி மட்டும் வேணாம், மத்ததெல்லாம் பாடும்மான்னாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“சரின்னேன். ரெண்டு பொண்ணுங்க படிக்குது. நீ வந்து ஃபீஸ் கட்றியா?”

குறிப்பேட்டில் ‘விலை படிந்தது’ என்று எழுதிக்கொண்டேன்.

பாடினார். அந்த வரி வர வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். பின்வரிசையில் ஒருத்தி தொடங்கினாள். அப்புறம் பந்தல் முழுவதும் கத்தியது. மேனேஜரின் சிரிப்பு மாறவில்லை. கம்பெனியின் வீடியோ கேமரா மட்டும் மேடையை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பியது.

அடுத்த வாரம், கத்தியவர்களில் ஆறு பேரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவர்களில் ஒருத்தியை பஸ் நிறுத்தத்தில் பார்த்து, “அக்கா உங்கள மாட்டி வுட்டுட்டாங்களா?” என்று கேட்டேன்.

“பேஜார் பண்ணாத சார். எங்க வாய அவங்களா வந்து தொறந்தாங்க?”

ராப்பில் கூட்டத்தைப் பாட வைப்பது வழக்கம்தான் என்றார் அக்கா. நான் முழுதாக நம்பவில்லை. கொடுத்த வாக்கையும் மீறவில்லை, வரியையும் விடவில்லை. தண்டனை மட்டும் வேறு ஆறு பேருக்குப் போயிற்று. இதை அவர் முன்பே கணக்குப் போட்டிருந்தாரா என்று இன்றும் யோசிக்கிறேன். கேட்கும் தகுதி எனக்கு எவ்வளவு என்பது வேறு விஷயம். விழாச் செய்தி மூன்று பத்தி வந்தது. செய்தியை அனுப்பும் முன்பே அந்த வரியை நானே நீக்கியிருந்தேன், யாரும் நீக்கச் சொல்லவில்லை.

மறுவருடம் அக்கா லைன் சூப்பர்வைசர் ஆனார். அவருடைய லைனில் டோக்கன் கிடையாது. மற்ற லைன்களில் இருக்கிறது.