இரண்டு காட்டாறுகளுக்கு நடுவே

லோர்னா பெட்லர் யாரையும் திட்டாமல் சேற்றிலிருந்து இழுத்துப் போட்டதில்லை. கயிற்றின் கொக்கியை மாட்டும்போதே தொடங்கிவிடுவாள். "சாலை மூடியிருக்குன்னு இவ்ளோ பெரிய பலகை வெச்சிருக்காங்களே, அத அழகுக்கு நட்டு வெச்சாங்கன்னு நெனச்சீங்களா?" என்பாள். சிட்னியிலிருந்து புத்தம்புது ஜீப்பில் வந்து, அச்சு வரை புதைந்து நின்ற ஒரு வக்கீலிடம், "மண்ணுல போகும்போது டயர்லருந்து காத்த எறக்கணும் சார். நீங்க மூளைய எறக்கி வெச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அந்த மனிதர் கோபப்படவில்லை. போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். தனியாக இரண்டு நாள் அங்கே நின்றிருந்தவருக்குத் திட்டு வாங்குவதும் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

மிண்டபூலா என்ற எங்கள் ஊரில் நாங்கள் மொத்தம் பதினான்கு பேர். பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய சாப்பாட்டுக் கடையும் என்னுடையவை. பக்கத்து இரும்புக் கொட்டகை லோர்னாவும் அவள் கணவன் அலெக்கும் வைத்திருந்தது. டயர் ஒட்டுவது, உடைந்த ஸ்பிரிங் பட்டை மாற்றுவது, சிக்கிய வண்டிகளை மீட்பது எல்லாம் அங்கேதான். லாரியை லோர்னா ஓட்டுவாள். அலெக் கொட்டகையில் இருந்தபடி ரேடியோவைப் பார்த்துக்கொள்வான்.

அலெக் அதற்கு முன் இருபத்தேழு வருஷம் கிரேடர் ஓட்டியவன். நானூறு கிலோமீட்டர் மண்சாலையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சீவிச் சமன் செய்துகொண்டே போவான். முடித்துத் திரும்பிப் பார்த்தால் தொடங்கிய இடம் மறுபடியும் தகரக் கூரைபோல் வரிவரியாக எழுந்திருக்கும். அப்படி ஒரு நாள்தான் லோர்னாவைப் பார்த்தான். ஆட்டுக் கம்பளி வெட்டும் கூட்டத்துக்குச் சமையல்காரியாக அவள் பழைய லாரியில் வந்துகொண்டிருந்தாள். மாவுபோல் மென்மையான புழுதி நிரம்பிய பள்ளம் ஒன்று. மேலே பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். முன் சக்கரம் இரண்டும் உள்ளே போய்விட்டன. அலெக் கிரேடரால் இழுத்து விட்டான். நன்றி சொல்வாள் என்று நின்றிருக்கிறான்.

"நீதான் இந்த ரோட்டப் பாத்துக்கறவனா?"

"ஆமா."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா உனக்கு?"

அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று, அவனுக்கு நாற்பத்தாறு. அடுத்த குளிர்காலத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவள் லாரியில் போயிருக்கும் நாளெல்லாம் அவன் ரேடியோவை விட்டு நகரமாட்டான். தேநீரைக்கூட நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அந்த ஏப்ரலில் ஞாயிறும் திங்களும் மழை. எங்கள் பக்கத்து மண் நனைந்தால் சோப்புப்போல் வழுக்கும். சக்கரத்தில் அப்பிய களிமண் மட்கார்டுக்குள் இறுகிச் சக்கரத்தையே சுற்றவிடாது. சாலையை மூடிவிட்டார்கள். விமானம் இறங்கும் மண்தளமும் சொதசொதவென்று கிடந்தது. செவ்வாய்க்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக விடிந்தது.

காலை ஏழு மணிக்கு ஒரு சாட்டிலைட் போன் அழைப்பு வந்தது. எடுத்தது நான். பேசியவர் நெவில் என்ற மெல்பர்ன்காரர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜூடித்தோடு திங்கள் மாலை தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டரில், இரண்டாவது காட்டாற்றின் நடுவே வண்டி புதைந்துவிட்டது. ஆறு காய்ந்துதான் கிடக்கிறது, ஒன்றும் அவசரம் இல்லை என்றார். ஜூடித்துக்கு இடுப்பெலும்பில் அறுவை நடந்திருப்பதால் நடக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நான் போய்ச் சொன்னபோது லோர்னா பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். "வடக்கே பண்ணைகள்ல எவ்ளோ மழையாம்?" என்று அலெக்கைக் கேட்டாள்.

"எட்டு அங்குலம். தண்ணி மத்தியானத்துக்குள்ள இங்க வந்துடும்."

"அப்போ அந்த வாத்தியார் ஆத்து நடுவுல ஒக்காந்துகிட்டு அவசரமில்லங்கறாரு."

"போய்ட்டு வந்துடு. வண்டியப் பாக்காத, ஆளப் பாரு" என்றான் அலெக்.

எட்டு மணிக்குக் கிளம்பினாள். சாலையின் மேட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போனதில் அறுபது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. பதினொன்றரைக்கு ரேடியோவில் அவள் குரல் வந்தது. வண்டியை இழுத்துக் கரையில் போட்டாயிற்று, கிழவரும் கிழவியும் லாரியில் இருக்கிறார்கள், தண்ணீரின் முதல் நாக்கு மணலில் நக்கிக்கொண்டு வருகிறது, திரும்புகிறோம் என்றாள். நெவிலைத் திட்டும் சத்தம் பின்னால் கொஞ்சம் கேட்டது. அலெக் சிரித்தான்.

ஒரு மணிக்கு அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அலெக் தரையில், ஒரு டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் ஈரச் சாம்பல்போல் இருந்தது. இடது கையை மடியில், வேறு யாருடைய கையோ மாதிரி வைத்திருந்தான்.

"ராஸ், யாரையும் கூப்பிடாத. கொஞ்சம் ஒக்காந்தா சரியாயிடும்" என்றான்.

நான் விமான மருத்துவரைப் போனில் பிடித்தேன். அவசரத்துக்கென்று எண் போட்டு வைத்திருக்கும் ஊர் மருந்துப் பெட்டியிலிருந்து எந்த எண் மாத்திரை, எத்தனை, எப்போது என்று அந்தப் பெண் டாக்டர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல நான் கொடுத்தேன். விமானம் எங்கள் தளத்தில் இறங்கினால் எழும்ப முடியாது. ஹெலிகாப்டர் வெள்ளத்தில் கூரைமேல் ஏறி நின்றவர்களைத் தேடி வடக்கே போயிருந்தது. மறுநாள் காலைதான் வரமுடியும். போனை வைக்காதீர்கள் என்றார் டாக்டர். யார்மேலும் குறை சொல்ல எனக்கு வழி இல்லை.

இரண்டரை மணிக்கு லோர்னா முதல் காட்டாற்றின் அக்கரைக்கு வந்துவிட்டாள். ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர்தான். காலையில் சக்கரம் நனையாமல் கடந்த ஆறு, வெயிலில் பழுப்பாகப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு ஆறு, முன்னால் ஒரு ஆறு, நடுவில் கல் பரந்த மேடு. "ரெண்டு நாள் இங்கதான்னு நெனக்கிறேன். அலெக் எங்க, அவன்கிட்ட குடு" என்றாள்.

நான் மைக்கின் பொத்தானை அழுத்தினேன். அலெக் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"என்ன, வாத்தியாரம்மாவுக்கு டீ போட்டுக் குடுத்தியா?"

"உன் கொரலு என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. நெஞ்சுல கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கு. ராஸ் மாத்திரை குடுத்திருக்கா."

அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். பிறகு அவள் குரல். "ராஸ், நீ சொல்லு. எந்த மாத்திரை?"

சொன்னேன். அவளுக்கு அந்தப் பெட்டியின் எண்களெல்லாம் மனப்பாடம்.

ஆற்றங்கரையில் நடந்ததைப் பிற்பாடு ஜூடித் எனக்குச் சொன்னாள். லோர்னா மைக்கை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். பூட்ஸைக் கழற்றினாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை லாரியின் முன்னால் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சில் மாட்டிவிட்டு, தண்ணீருக்குள் நடந்தாள். பத்தடியில் தண்ணீர் மார்பு வரை வந்தது. இன்னும் இரண்டடியில் ஒரு மரக்கிளை வந்து மோதி அவளை உருட்டிவிட்டது. நெவில் வின்ச்சை ஓட்டத் தெரியாமல் கையாலேயே கயிற்றை இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. கரைக்கு வந்ததும் லோர்னா மறுபடி எழுந்து தண்ணீரைப் பார்த்து நடந்தாள். நடக்க முடியாத ஜூடித், லாரியிலிருந்து விழுந்து எழுந்து வந்து, அவள் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுங்க."

"விடமாட்டேன்மா."

"உங்களாலதான் நான் இங்க நிக்கிறேன். விடுங்க."

"தெரியும். விடமாட்டேன்."

அப்போது லாரி ரேடியோவிலிருந்து அலெக்கின் குரல் வந்திருக்கிறது. "லோர்னா, நீ தண்ணில எறங்கறியா? எனக்கு உன்னத் தெரியும். எறங்கின, அப்புறம் நான் பேசமாட்டேன்."

அவள் திரும்பி லாரிக்குள் ஏறினாள்.

அதிலிருந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பேச்சு என்று சொல்லலாமா தெரியவில்லை. கம்ப்ரஸரில் எண்ணெய் மாற்றியாயிற்றா என்று அவள் கேட்டாள். மாற்றவில்லை என்றான். "சோம்பேறி" என்றாள். தெற்கு முனையில் அந்த வளைவை இந்த முறையும் கிரேடர் ஓட்டும் புதுப் பையன்கள் தப்பாகச் சீவியிருக்கிறார்கள், தண்ணீர் நிற்கிறது என்றாள். "நான் ஓட்டினப்பவும் அங்க தண்ணி நிக்கும், உன்கிட்ட சொன்னதில்ல" என்றான். மைக்கை நான்தான் அவன் வாயருகே பிடித்திருந்தேன். மறு காதில் டாக்டர் போனில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் பகுதியின் ரேடியோ ஒரே அலைவரிசை. குன்றின்மேல் உள்ள கோபுரம் வழியாக ஏழு பண்ணைகளிலும் எல்லாம் கேட்கும். மாட்டு லாரிக்காரர்கள், வேலி போடுகிறவர்கள் என்று வாய் ஓயாமல் பேசுகிற அலைவரிசை அது. அன்று மத்தியானம் ஒரு ஆள்கூடக் குறுக்கே பேசவில்லை.

நாலே முக்காலுக்கு அலெக், "லோர்னா, கொஞ்சம் கண்ண மூடிக்கறேன்" என்றான்.

"மூடாத."

"வெயிலு கண்ணுல அடிக்குது."

"அப்போ தொப்பிய இழுத்து விட்டுக்க. மூடாத. அலெக்?"

நான் தொப்பியை இழுத்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தான். மைக்கில் ஏதும் விழவில்லை. மூச்சு நின்றுபோக, டாக்டர் சொன்னபடியெல்லாம் நெஞ்சை அழுத்தினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர் இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். நாற்பது நிமிஷம். பிறகு டாக்டர் போதும் என்றார்.

மைக்கை எடுத்தேன். நான் சொல்வதற்கு முன்பே அவள் சொன்னாள். "சரி ராஸ். சரி. அவனத் தரையில விடாத. கட்டில்ல படுக்க வை."

கொஞ்ச நேரம் கழித்து, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பண்ணையின் மேலாளர் மெதுவாகப் பேசினார். "லோர்னா, நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்." அடுத்து இன்னொரு குரல், "இருக்கோம் லோர்னா." ஏழு பண்ணைகளும் ஒன்றொன்றாகச் சொல்லின.

ஹெலிகாப்டர் காலையில் வந்து அவளைத்தான் முதலில் கொண்டுவந்தது. அவர்கள் வீட்டுத் தகரக் கூரைச் சமையலறையில், அவனைக் கிடத்தியிருந்த கட்டிலருகே, சேறு காய்ந்த காலோடு உட்கார்ந்தாள். ஒரு ஈரத்துணி வாங்கி அவன் நகக்கண்களில் இருந்த கிரீஸைத் துடைத்தாள். அது போகவில்லை. போகாது என்று அவளுக்கும் தெரியும். மத்தியானம் வரை துடைத்தாள்.

அடக்கத்துக்குச் சாலை திறக்கவில்லை. கிரேடர் ஓட்டும் பையன்கள்கூட வர முடியவில்லை. என் பின்னறையில் தங்கியிருந்த நெவிலும் ஜூடித்தும் ஊர் ஆட்களோடு நின்றார்கள். நெவில் கட்டுப் போட்ட கைகளோடு லோர்னாவிடம் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். "வேண்டாம்" என்றாள். அவர் போய் வேலியோரம் நின்றுகொண்டார். ஜூடித் ஊன்றுகோலோடு அவள் பக்கத்தில் நின்றாள். லோர்னா நகர்ந்து போகவில்லை.

என் மனத்தில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குத் தேநீர் கொடுக்கப் போனபோது அலெக் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "அவகிட்ட சொல்லிடாத, போகமாட்டா" என்றான். நான் சொல்லவில்லை. நாற்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அதை அவளிடம் சொல்லி அழுதேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் ராஸ். நான் பாத்தேன்."

"என்ன பாத்த?"

"பூட்ஸ் மாட்டிக்கிட்டே பாத்தேன். மூணு நாளாவே தேய்ச்சுகிட்டுதான் இருந்தான். கேட்டா இல்லம்பான். நானும் கேக்கல. கேட்டிருந்தா நிக்கணும். நின்னா அந்த ரெண்டு பேரும் தண்ணியோட போயிருப்பாங்க. அவன் அத நெனச்சுதான் சொல்லல. நான் அத நெனச்சுதான் கேக்கல."

கத்தியை மறுபடி எடுத்தாள். "அப்படித்தான் சொல்லிக்கிறேன். உண்மையா அப்படித்தானான்னு தெரியல."

மீட்பு லாரியை அவள் மறுபடி எடுக்கவில்லை. வடக்கே ஒரு பண்ணைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். இப்போது காலையில் என் கடையில் ரொட்டி சுடுகிறாள். ஜூடித்திடமிருந்து மாதம் ஒரு போன் வரும். லோர்னா எடுத்து, "ம்" என்பாள். அந்தப் பக்கமும் அதிகம் பேசுவதாகத் தெரியவில்லை. ஒரு முறை நான், "ஏன் அவகிட்ட பேசற?" என்று கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு என்கூட இருந்தவ அவ ஒருத்திதானே" என்றாள்.

போன மாதம் மழையில் யாரோ ஒரு குடும்பம் தெற்கு வளைவில் சிக்கிக்கொண்டது. போன் வந்தபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மீட்புக்காரருக்குத் தகவல் சொல்லிவிட்டுத் திரும்பினேன். லோர்னா பிசைவதை நிறுத்தியிருந்தாள். இரண்டு கையும் மாவுக்குள் இருந்தன. சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான் கூப்பிடவில்லை. மாவு காயத் தொடங்கியபோது ஈரத்துணியை எடுத்து அவள் கைகளைச் சுற்றி மூடிவைத்தேன்.