சமையலறை வரை வந்த அடைப்புக்குறி

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு மாடியறைதான் எங்கள் ஆபீஸ். நானும் என் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஊரிலுள்ள பீங்கான் பட்டறைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறோம். ஒருவர் எழுதும் நிரலை மற்றவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகே தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டம்தான் எங்கள் குடும்பத்துக்குச் சனியாக வந்து சேர்ந்தது.

அவருக்கு நிரலில் வரும் அடைப்புக்குறி தனி வரியில் தொடங்க வேண்டும். எனக்கு அதே வரியின் கடைசியில் வர வேண்டும். எங்கே போட்டாலும் தளம் ஒரே மாதிரிதான் ஓடும். இதற்காக ஒரு மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரா? வைத்துக்கொண்டார். நான் மட்டும் லேசுப்பட்டவளா, அவருடைய ஒவ்வொரு வரிக்கும் கீழே நக்கலாகக் குறிப்பு எழுதினேன். சண்டை மாடியிலிருந்து இறங்கிச் சமையலறைக்கும் வந்தது. "குழம்பையும் உன் கோடிங் மாதிரியே வெச்சிருக்கிற" என்றார் ஒருநாள். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நான் அனுப்பினால் அவரிடமிருந்து 'சரி' வரும், அவர் அனுப்பினால் நானும் 'சரி'. படித்தால்தானே சண்டை? அந்த அமைதி எனக்குச் சண்டையைவிட மோசமாக இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு வாரக் கடைசியில் வந்துபோகலாம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

கார்த்திகைக்கு முன்னால் பட்டறை நடத்தும் ஒரு அம்மா, அகல் விளக்கு விற்கத் தனிப் பக்கம் கேட்டார். நான் எழுதினேன். வழக்கம்போல 'சரி' வந்தது. ஏற்றப் போகும்போது அவர், "இரு, புதுசா ஒன்னு போட்டிருக்கேன், அதுலயும் ஓட்டிப் பாத்துடலாம்" என்றார். நிரலைத் தானே படித்துக் குறை சொல்லும் கருவி அது. ஃபங்ஷன் என்கிற நிரல் துண்டுக்கு அடைப்புக்குறி தனி வரியில், 'இப்படியிருந்தால்' என்று கேட்கும் நிபந்தனைக்கு அதே வரியில் என்று ஆளுக்குப் பாதியாகத் தீர்ப்புச் சொல்லி, எல்லாவற்றையும் தானே திருத்தியும் வைத்தது. இத்தனை மாதச் சண்டை ஒரு நொடியில் முடிந்துபோனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் சிவப்பாக ஒரு வரி நின்றது. ஸ்டாக் பூஜ்யமா என்று கேட்க வேண்டிய இடத்தில், இரண்டு சமக்குறி போடாமல் ஒன்றை விட்டுவிட்டு, ஸ்டாக்கைப் பூஜ்யமாக்கு என்று எழுதியிருந்தேன். ஏற்றியிருந்தால், யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விளக்குக் கையிருப்பு பூஜ்யம் என்றே காட்டியிருக்கும்.

"நான் படிக்கவே இல்ல" என்றார் அவர்.

"நான் மட்டும் உங்களோடத படிச்சனாங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தப்பித்தோமே என்ற நிம்மதியில் எனக்குக் கண் கலங்கியது.

சமக்குறியைத் திருத்தினேன். கருவி எல்லாம் சரி என்றது. ஆனால் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, "வழியில ஒன்னு ரெண்டு ஒடைஞ்சாலும் இருக்கட்டும்னு அந்தம்மா ஒவ்வொரு பெட்டியிலயும் கூடுதலா கொஞ்சம் வெளக்கு போட்டு அனுப்புவாங்கள்ல, அது ஸ்டாக்குல கழியுதா?" என்று கேட்டார்.

கழியவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை, கருவிக்கும் தெரியவில்லை. அடைப்புக்குறியை விட்டு, நான் எழுதியது என்ன என்று அவர் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! சேர்ந்தே அதை எழுதி முடித்தோம்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவர் திரையைப் பார்த்தபடியே, "சென்னைக்கு வரலன்னு சொல்லிட்டியா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனூண்டு வூட்ல நீ போன் பேசினா எனக்குக் கேக்காதா? போகப்போறியான்னு உன்னைக் கேட்டா, ஆமா, போறேன்னு சொல்லிடுவியோன்னுதான் கேக்கல."