பச்சைக் காரும் திரும்பி வராத கரண்டும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காரடியில் இருந்தவர்கள் நான்கு பேர். காரின் சொந்தக்காரர் துரை அண்ணை, அவருடைய மனைவி பூமணி அக்கா, என் அம்மா, நான். இருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. மெக்கானிக் ராசன் கடலேரி தாண்டி வன்னிக்குப் போனவர்... இன்னும் திரும்பவில்லை. என் ஐயா வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். "படிச்சவன் நிக்கிறான்தானே" – போகும்போது அவர் சொன்னது அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை கண்ட முதல் ஆள் நான். இப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகம். ஆகவே கிணற்று வாளி ஓட்டையானாலும், ஆடு குழை தின்னாமல் நின்றாலும் ஐயாவுக்கு அது பௌதிகம்தான்!

விஷயம் இதுதான். அம்மாவுக்கு ஒரு கண் ஏற்கனவே போய்விட்டது. மற்றக் கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. அன்று பத்து மணிக்குள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நிற்க வேண்டும் – ஒப்பரேசன். தவறினால்? அடுத்தது எப்போது என்று டொக்டருக்கே தெரியாது. மருந்து வந்து சேர்ந்தால்தான் நிச்சயம்.

உடுப்பிட்டியிலிருந்து சைக்கிள் கரியரில் ஏற்றிப் போகலாமென்றால், கரியரிலிருந்து விழுந்துதான் அம்மாவின் இடுப்பில் அடி. காத்திருந்த மினிபஸ் வரவில்லை. மிச்சமிருந்தது துரை அண்ணையின் கார்.

சும்மா கார் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணை கப்பலில் வேலை செய்த காலத்தில் கொழும்பில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு ஆசனம். என்னைவிட வயது கூட. பிறக்கும்போது சிவப்பு, இப்போது பச்சை. ஏன்? குண்டு போடும் பொம்பர் வந்தால் மேலிருந்து தெரியக் கூடாதே! துணிக்கூரை எப்போதோ கிழிந்து போன கார் அது. காரின் உட்புறமும் வானத்துக்குத் தெரியும். ஆகவே உள்ளேயும் பச்சை. அதற்கு முந்திய கிழமைதான் அண்ணை பற்றறியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கையாலேயே பெயின்ற் அடித்து முடித்திருந்தார்.

ஊரில் பெற்றோல் இல்லை. கார் ஓடுவது மண்ணெண்ணெயில். ஸ்ரார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல் ஊற்றவேண்டும். அது இருமல் மருந்துப் போத்தலில் கால்வாசி இருந்தது.

அம்மா ஏறி உட்கார்ந்தா. அண்ணை சாவியைத் திருப்பினார். முன்னாலிருந்த சின்ன லைற் மங்கலாகப் பற்றியது. ஸ்ரார்ட்டர் பிடியை இழுத்தார். 'டிக்'. அந்த லைற்றும் அணைந்துபோனது.

"பற்றறி முடிஞ்சுது" என்றார் அண்ணை.

"முடிஞ்ச பற்றறியிலையோ நேற்று றேடியோ பூட்டிச் செய்தி கேட்டனீங்கள்?" – பூமணி அக்கா.

"றேடியோ குடிக்கிறது ஒரு சொட்டு. ஸ்ரார்ட்டர் குடிக்கிறது ஒரு குடம். உமக்கு உது விளங்காது."

அண்ணை சொன்னது நியாயம். ஆனால் பற்றறிதான் பிழையென்றால் எங்கள் கதை அன்றோடு முடிந்தது. புதுப் பற்றறிக்கு இந்தக் குடாநாட்டில் எங்கே போவது?

தள்ளிப் பார்த்தோம். ஒழுங்கை முடியும்வரை தள்ளினோம். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. ஊற்றிய பெற்றோல் வீண். போத்தலில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

"நானும் இறங்கித் தள்ளட்டோ, மோனை?" – காருக்குள்ளிருந்து அம்மா.

வெட்கமாக இருந்தது. படித்தவன் என்று நிற்கிறேன்... மாடு மாதிரித் தள்ளுகிறேன். தள்ளுவதற்கா பள்ளிக்கூடம் போனேன்? ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"அண்ணை, முன் லைற் பல்ப் ஒண்டு கழட்டித் தாங்கோ. ரண்டு துண்டு வயரும்."

"யூனிவேசிற்றியிலை காரும் படிப்பிக்கிறவையோ?"

"கார் இல்லை அண்ணை. கரண்ட்."

பல்ப்பின் இரண்டு வயரையும் நேராகப் பற்றறியில் வைத்தேன். நல்ல வெயிலிலும் கண் கூசியது. அப்படியென்றால் பற்றறி பிழையில்லை! பிறகு ஒரு வயரைப் பற்றறியிலேயே விட்டு, மற்றதை எஞ்சின் இரும்பில் தொட்டேன். பல்ப்புக்குள் சிவப்பாய் ஒரு நூல்... அவ்வளவுதான்.

காரில் கரண்ட் போவதற்குத்தான் வயர். திரும்பி வருவதற்குத் தனி வயர் கிடையாது. காரின் உடம்பே அதற்கு வழி. அந்த உடம்பிலிருந்து ஒரு தடித்த வயர் பற்றறிக்கு வந்து சேரும். அங்கேதான் எங்கோ அடைப்பு.

"என்ன மோனை, கண்டுபிடிச்சிட்டியோ?"

"போன கரண்ட் திரும்பி வரேல்லை, அம்மா."

"ராசனைப் போலையோ?"

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஆசனத்துக்குப் பின்னால், பற்றறி இருந்த இடத்தில் குனிந்தேன். தடித்த வயர் இருந்தது. காரின் உடம்போடு அதைப் பூட்டிய நட்டும் இருந்தது. இறுக்கமாக, அழகாக, பச்சையாக. நட்டைக் கழற்றினேன். வயரின் முனைக்கு அடியிலும் பச்சை! இரும்பு எங்கேயும் தெரியவில்லை.

"அண்ணை... இதைக் கழட்டியே பெயின்ற் அடிச்சனீங்கள்?"

"பின்னை? அடிச்சால் வடிவா அடிக்க வேணும். அரைகுறை வேலை எனக்குப் பிடியாது. ரண்டு கோட்."

"காரிலை இருந்த ஓணானுக்கும் அடிச்சவர், தம்பி" என்றா பூமணி அக்கா. "நான் ஓடித் தப்பினனான்."

அண்ணையின் பழைய சவர பிளேட்டால் சுரண்டினேன். இரும்பு பளிச்சென்று வரும்வரை சுரண்டினேன். முனையையும் சுரண்டிப் பூட்டி இறுக்கினேன். அண்ணை மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இதுதான் கடைசி, தம்பி. பிடிக்காட்டி?"

"பிடிக்கும். ஊத்துங்கோ."

வாய்தான் சொன்னது. கை நட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தது.

ஊற்றினார். இழுத்தார். ஒழுங்கை நாய்களெல்லாம் குரைக்கும்படி ஒரு உறுமல்! அம்மா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டா. இரண்டு ஆசனக் காரில் எனக்கு எங்கே இடம்? மண்ணெண்ணெய்ப் புகைக்குள் சைக்கிளை மிதித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் துரை அண்ணை யாரோ ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வயரிங்கிலை சின்னப் பிழை. ஒரு மாதிரி நான் பாத்துச் சரிப்படுத்திப் போட்டன்."

வரும் வழியெல்லாம் ஒன்றை யோசித்தேன். நட்டைச் சுற்றி மட்டும் ஏனோதானோ என்று தூரிகையை இழுத்துவிட்டுப் போகிற மனிதன் அடித்திருந்தால் அந்தக் கார் முதல் இழுவையிலேயே ஓடியிருக்கும்! பயத்திலும் கவனமாக வேலை செய்கிறவனைத்தான் இந்தக் காலம் இப்படி மாட்டிவிடுகிறது, இல்லையா?

நேற்று அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வாராவாரம் பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியில் என் பெயர் உள்ள இடத்தில் அவவின் விரலை எடுத்து வைப்பேன், தடவிப் பார்ப்பா. நேற்று விரலை வைக்கவில்லை. பேப்பரைத் தூக்கிப் பிடித்துக் கனநேரம் பார்த்தா.

"உன்ரை பேரை இவ்வளவு சின்னனாவே போடுறவங்கள்?"

மொத்தச் செலவு: மூன்று போத்தல் மண்ணெண்ணெய், ஒரு மருந்துப் போத்தலில் கிடந்த பெற்றோல், நட்டளவு பச்சைப் பெயின்ற்.