டேங்க் மூடியில் ஒரு கையெழுத்து

அவள் கணவர் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவின் டீசல் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தவர். அத்தனை வருடத்தில் ஒரு சொட்டு டீசல் களவு போனதில்லை என்று இன்றும் மார் தட்டுவார். அது உண்மைதான். ஒரு பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை என்பதும் உண்மை, அதை மட்டும் சொல்ல மாட்டார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூட்டு'. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட புத்திசாலி.

ஓய்வு பெற்றதும் பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்கினார். உள்ளேயே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உண்டு. ஊர் ஊராகப் போகலாம் என்று அவள் ஆசை ஆசையாக ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். அவரோ நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து டேங்கைப் பார்த்தார்.

மூடிக்கு ஒரு பூட்டு. அதன்மேல் இரும்புத் தகடு, தகட்டுக்கு இன்னொரு பூட்டு. குழாய் விட்டு உறிஞ்ச முடியாதபடி டேங்கின் கழுத்தில் கம்பிவலை. அடியில் உள்ள போல்ட்டை யாராவது கழற்றி வடித்துவிட்டால்? அதைச் சுற்றி ஒரு கூண்டு, கூண்டுக்கும் பூட்டு. இதெல்லாம் போதாதென்று தகட்டின் விளிம்பில் காகிதம் ஒட்டி அதில் கையெழுத்து வேறு. எவன் கைவைத்தாலும் கிழிந்து காட்டிக்கொடுக்குமாம். ஒருநாள் பனியில் நனைந்து காகிதம் தானாக உரிந்தது. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு மாதம் பேச்சில்லை. டேங்க் நிறைந்திருந்தால் திருடனுக்கு ஆசை வரும் என்று, கேனில் வாங்கிவந்து கொஞ்சமாகத்தான் அதில் ஊற்றி வைப்பார். மூன்று வருடமாக வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. திரை வெளுத்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் வெளியூரில் இருக்கும் அவளுடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. நீ எதிர்ல இருக்கணும்டி. எனக்கு வேற யாரு இருக்கா?" என்று அக்கா போனில் அழுதாள்.

"நான் பஸ்ல போயிடறேங்க" என்றாள் இவள்.

"வாசல்ல வண்டியை வச்சுக்கிட்டு பஸ்ஸா? நானே கொண்டுபோய் விடறேன்."

நம்பினாள். முப்பது வருடம் குடும்பம் நடத்திய பிறகும் நம்பினாள்.

ஓடிப் பழகாத வண்டி எவ்வளவு குடிக்கும் என்று அவருக்கு எங்கே தெரியும்? பாதி வழியிலேயே முள் அடியைத் தொட்டது. நல்லவேளையாக ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் உருண்டுபோய் நின்றது.

"சாவி குடுங்க சார்" என்றார் டீசல் போடுகிறவர்.

"சாவி வீட்டு பீரோவுல இருக்கு."

அவள் வண்டி ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். "ஏங்க, அதை எடுத்துட்டு வரலையா?"

"வழியில எவனாவது சாவியைப் பறிச்சுட்டா? அப்புறம் பூட்டி என்ன பிரயோஜனம்?" என்றவர், பீரோ சாவி இடுப்பில் பத்திரமாக இருப்பதைத் தட்டிக் காட்டினார். அதில் ஒரு பெருமை வேறு.

பக்கத்துப் பட்டறையின் மெக்கானிக் வந்து பார்த்தார். "பத்து நிமிஷத்துல அறுத்துடலாம் சார்."

"அறுத்துட்டா? அப்புறம் யார் வேணா கைவைப்பானே!" என்று தகட்டை மறைத்துக்கொண்டு நின்றார் பூட்டு.

"நாளைக்கு அக்காவுக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க" என்றாள் அவள்.

"தெரியும். அதுக்காக?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குக்கூட ஆள் ஒரு தகுதியோடு இருக்க வேண்டும். சீ என்று போய்விட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீங்க வரலையா?"

"டேங்கை யார் பார்த்துக்கறது?"

அக்கா ஊருக்குப் போகிற பஸ் வந்தது, ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கட்டுப் பிரித்தார்கள். அக்கா கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தங்கையின் முகத்தைப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்கடி?"

"டேங்குக்குக் காவல் இருக்கார்."

"அய்யோ, அதுல அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைக்கா" என்றாள் அவள். "காலி."