ஒன் டே கோச்சும் என் தலை அரிப்பும்

கிரிக்கெட் கோச் வேலையில் ஒரு வசதி உண்டு: அந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருப்பார்கள். டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், மீன் மார்க்கெட் என்று எங்கே போனாலும் இலவச ஆலோசனை கிடைக்கும்.

காரைக்காலில் ஒரு கிளப் அணிக்குப் பதினாறு வருஷமாக நான் கோச். எங்கள் லீக்கில் இரண்டு வகை ஆட்டம். வெள்ளைச் சட்டை போட்டு இரண்டு நாள் ஆடுவது ஒன்று, கலர் சட்டை போட்டு ஒரே நாளில் ஐம்பது ஓவர் ஆடுவது இன்னொன்று. சட்டைதான் மாறும், உள்ளே இருக்கிற பதினொரு பேரும் அதே ஆட்கள். ஒரே நாற்காலிக்கு இரண்டு மேலதிகாரிகள் வாய்த்து அவதிப்பட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும்.

டீ ஆறுவதற்குள்

எங்கள் கிளப் செயலாளர் ஜபருல்லா பாய் பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். இந்திய அணி ஒன் டே தொடரில் தோற்ற மறுநாள் காலை, டீக்கடையில் ஒரு கூட்டத்தைச் சேர்த்து, டெஸ்டுக்கு ஒரு கோச், ஒன் டேக்குத் தனியாக ஒரு கோச் வைத்தால்தான் நாடு உருப்படும் என்று பேசிக்கொண்டிருந்தார். நான் மறுத்தேன். மட்டையைப் பிடிக்கிற ஆளுக்கு இருப்பது ஒரே மனசு, ஒருத்தர் பொறுமையாக இரு என்றும் இன்னொருத்தர் பொறுமையைத் தூக்கிப் போடு என்றும் சொன்னால் அவன் யாரைக் கேட்பான் என்றேன்.

"கண்ணுக்கு ஒரு டாக்டரு, பல்லுக்கு ஒரு டாக்டரு இல்லையா?" என்றார் பாய். பல் டாக்டர் பிடுங்கும்போது கண் டாக்டர் வந்து பிடுங்காதே என்று கையைப் பிடிப்பதில்லை பாய் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. டீ ஆறுவதற்குள் இந்திய அணியின் பிரச்சினை தீர்ந்து, பேச்சு எங்கள் கிளப்புக்கு வந்துவிட்டது. பாய் கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவ்வளவு பெரிய நாட்டுக்கே வேணும்னா நமக்கு வேணாமா மாஸ்டர்? இன்ஷா அல்லா, அடுத்த மாசமே ஆளக் கொண்டாந்துடுறேன்."

கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

சொன்னபடியே சென்னையிலிருந்து தினகர் என்பவரைக் கொண்டுவந்தார். தினகர் லாப்டாப்போடு வந்தார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். அவர் சொல்லிக்கொடுத்த ரன் ஓடும் பயிற்சியை நான் இன்றைக்கும் வெட்கமில்லாமல் பயன்படுத்துகிறேன். செவ்வாய், வியாழன் எனக்கு, புதன், வெள்ளி அவருக்கு என்று கிளப் கமிட்டி பயிற்சி நாட்களைப் பிரித்துக்கொடுத்தது.

எங்கள் தொடக்க ஆட்டக்காரன் செந்தில். கோட்டுச்சேரியில் வயலைப் பார்த்துவிட்டு மட்டையோடு பஸ் ஏறி வருபவன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொடாதே என்று அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. அதே பந்தைத் தூக்கி அடி என்று தினகர் ஒரே வாரத்தில் புரியவைத்தார். முதல் ஒன் டேயில் மூன்றாவது பந்து சரியாக அங்கேதான் வந்தது. செந்தில் ஓங்கினான், பாதியில் என் ஞாபகம் வந்து மட்டையை இழுத்தான். பந்து மட்டையில் பட்டு, பாயின்டில் நின்றவன் கைக்குள் போய் உட்கார்ந்தது. திரும்பி வந்தவன் எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தரையைப் பார்த்துச் சொன்னான்: "கை அவரு பேச்சக் கேட்டுச்சு சார், காலு உங்க பேச்சக் கேட்டுச்சு, நடுவுல அவுட்டானது நான்தான்."

தலை என்னுடையது

அதற்குப் பிறகு கமிட்டியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆட்டக்காரர்கள் குழம்புவதால் ஒன் டே நாட்களில் நான் அணியோடு உட்காரக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மைதானம் பொது இடம். அடுத்த ஒன் டேக்கு வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் எடுத்துப் போய், எல்லைக்கோட்டுக்கு வெளியே, அணி உட்கார்ந்திருக்கும் பந்தலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

மே மாசத்து வெயில். வேர்வையில் தலை அரித்தது, சொறிந்தேன். மிட்-ஆஃபில் நின்ற எங்கள் பையன் நாலடி பின்னால் போனான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் வேலு மெதுவாக ஒரு பந்து போட்டு விக்கெட் எடுத்தான். இரண்டு நாள் ஆட்டங்களில் வருஷக்கணக்காக நான் கொடுத்துவந்த சைகைகள் இவை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அரிக்கத்தான் செய்தது. அந்த ஆட்டத்தில் ஜெயித்து இறுதிப் போட்டிக்கும் போய்விட்டோம். ஆனால் தண்ணீர் இடைவேளையிலேயே மைதானத்தைச் சுற்றி நடந்து வந்த தினகர் என் குடைக்குக் கீழே குனிந்து சொன்னார்: "சார், தயவுசெஞ்சு தலையச் சொறியாதீங்க, நான் மிட்-ஆஃப முன்னால கூப்பிடுறேன், அவன் உங்க தலையப் பாத்துட்டுப் பின்னால போறான்."

தள்ளிவைத்த ஞாயிறு

இன்னும் ஒரு வாரம் பயிற்சி கிடைக்கட்டும் என்று தினகர் எதிரணியிடம் பேசி இறுதிப் போட்டியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார். அறிவிப்பில் இருந்த தேதியை இன்னொரு தடவை படித்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நாள் அது. இரண்டு மாதம் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் அன்றைக்குக் கடலுக்குப் போகும். மீனவர் ஊரான காரைக்கால்மேட்டில் படகு ஏறத் தெம்புள்ள ஒருத்தரையும் கரையில் பார்க்க முடியாது. வேலு அந்த ஊர்க்காரன், அவன் மச்சானுடைய படகில் போகிறவன். பதினாறு வருஷமும் முக்கியமான ஆட்டங்களைத் தடைக்காலத்துக்குள்ளேயே முடித்துவிடுவேன். காரைக்காலில் மீனே சாப்பிடாதவர்களுக்குக்கூட அந்தத் தேதி தெரியும். சென்னைக்காரருக்குத் தெரியாதது குற்றமில்லை. பாய்க்குத் தெரியும், ஆனால் யோசிக்கிற வேலையை அவர் லாப்டாப்பிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் அணி தோற்கும், தினகர் போவார், என் வேலை முழுசாக என்னிடம் திரும்பும். ஒரு பகல் முழுக்க அந்த நினைப்போடு இருந்தேன், மறைக்கவில்லை. சாயங்காலம் மனசு கேட்காமல் ஹார்டுவேர் கடைக்குப் போய் பாயிடம் சொன்னேன். "ஒன் டே விஷயம் உங்க பொறுப்பு இல்ல மாஸ்டர், கமிட்டி தீர்மானம்" என்றார். அங்கிருந்து நேரே காரைக்கால்மேட்டுக்குப் போனேன். வேலு மடியில் வலையைப் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மட்டும் என்று கேட்கத்தான் போனேன். கேட்பதற்குள் அவனே சொன்னான்: "மொத தடவ போற படகுல நான் இல்லன்னா, வருசம் பூரா என் எடத்துல வேற ஒருத்தன் நிப்பான் சார்." அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போய்விட்டு வா என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

சாவி

வேலு இல்லாமல் ஆடினோம். கடைசிப் பத்து ஓவரில் எதிரணி எங்களைத் துவைத்து எடுத்தது. கமிட்டி கூடியது. தோல்விக்குக் காரணம் பௌலிங்குக்குத் தனியாக ஒரு கோச் இல்லாததுதான் என்றார் பாய். ஆக மூன்று கோச்சுகள், அதில் இரண்டு நாள் ஆட்டத்துக்கு மட்டும் நான். தேதியைப் பற்றி முன்பே பாயிடம் வந்து சொன்னேனே என்றேன். தினகர் எழுந்து, "தேதிய மாத்தினது நான். மாஸ்டர் வந்து எச்சரிச்சத எனக்கு யாருமே சொல்லல" என்றார். பாய் எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார். தீர்மானம் மட்டும் மாறவில்லை.

மட்டையும் பந்தும் வைக்கிற அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. அதை மேஜையில் வைத்தேன். "பதினோரு பேருக்கும் முழுசா நான் கோச்சு, இல்லன்னா ஒருத்தனுக்கும் இல்ல" என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன், ஆனால் சாவியிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதினாறு வருஷம்.

இரண்டு நாள் வீட்டில் இருந்து பார்த்தேன், முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பயிற்சி நேரத்தில் நாற்காலியையும் குடையையும் எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். பாய் வேகமாக வந்தார். "எந்த ஆட்டத்துக்குக் கோச்சா வந்து உக்காந்திருக்கீங்க மாஸ்டர்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், அன்றைக்குத்தான் கரைக்கு வந்திருந்த வேலு, பந்து வீச ஓடி வந்தவன் பாதியில் நின்று சொன்னான்: "அவரு கோச்சா இல்லையான்னு கமிட்டி பேசி முடிச்சுக்கட்டும் பாய், நாங்க பாக்குற எடத்துல அவர உக்கார வுடுங்க, அது போதும்."

இந்திய அணிக்கு ஒன் டே கோச் தனியாக வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரிய ஊர்க்காரர்கள் பேசி முடிக்கட்டும். காரைக்காலில் எனக்குத் தலை அரித்தால் நான் சொறிவேன், மிட்-ஆஃப் பின்னால் போவான்.