பிள்ளையாரை எடுத்தவன்

ஏகாம்பரத்தின் வலது காலைப் பறித்தது புத்தூர் எலும்புக் கட்டு அல்ல. நான் வடிவமைத்த கணினித் திரை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், கட்டுதான் காரணம் என்று வாய்கூசாமல் சொன்னவன் நான்!

நீ இதைப் படிக்கும்போதே உன் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்திருக்கும். ஓரக்கண்ணால் பார்த்தும் இருப்பாய். ஒருவன் தன் அழுக்கையெல்லாம் உன் முன்னால் கொட்டுகிறான்... உனக்கோ எவனோ அனுப்பிய காலை வணக்கம் பெரிது. சரி, பார்த்துவிட்டே வா. உன்னைப் போன்றவர்களை வைத்துத்தானே நான் பிழைத்தேன்! வேலையின் நடுவே குறுக்கிடும் செய்தியை எப்போது காட்டுவது, எப்போது நிறுத்திவைப்பது என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பது என் தொழில். மனிதர்களின் கவனத்துக்கு நான் வாயிற்காவலன் என்று மேடைகளில் பீற்றிக்கொள்வேன்.

புத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, திருப்பதிக் கல்லூரியில் ஆங்கிலம். தேசம் தன் கதவுகளைத் திறந்த காலத்தில், திரும்பிப் பார்க்காமல் ஓடியவர்களில் ஒருவன். பெங்களூர், பிறகு அமெரிக்கா. திரும்பி வந்தபோது என்னிடம் ஒரு கொள்கை இருந்தது: ‘ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்வரை உலகம் அவரைத் தொடக் கூடாது. கை ஓயட்டும், பிறகு சொல்.’

எவ்வளவு அழகான வாக்கியம்! கவிதையும் எழுதுகிறவன் அல்லவா... அழகாகச் சொல்லிவிட்டாலே அது உண்மையாகிவிடும் என்று நம்புகிற கூட்டம் நாங்கள்.

அந்தக் கொள்கையை வைத்து நான் செய்த மென்பொருளைத் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனை வாங்கியது. படுக்கையோரக் கருவிகளின் அலறலை எல்லாம் அடக்கினேன். எச்சரிக்கைகள் செவிலியர் மேசையில் இருக்கும் திரைக்கு மட்டும் வரும். அவர் எழுதிக்கொண்டிருந்தால் சத்தமின்றிக் காத்திருக்கும். கை ஓய்ந்ததும் மெல்லிய மணியோசையுடன் எழும். வார்டு கருவறை மாதிரி ஆகிவிட்டது என்றார்கள் முதலாளிகள். கருவறையாம்! சாமி முன்னால் ஒரு நொடி நிற்கவிடாமல் ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்று தள்ளுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?

அந்த வார்டின் தலைமைச் செவிலி கஸ்தூரி. திரையை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று பார்க்க ஒருநாள் அவள் பின்னால் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் விசையைத் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். மருத்துவமனையின் விதி அது. ஒவ்வொரு படுக்கையாகப் போய்த் திரும்பும்போதும் கடவுச்சொல்லை மறுபடி அடிக்க வேண்டும். அவள் அதற்கொரு வழி கண்டுபிடித்திருந்தாள். காணிப்பாக்கத்தில் வாங்கிய சின்னப் பித்தளைப் பிள்ளையாரை ஸ்பேஸ் பாரின் மேல் உட்காரவைத்துவிட்டுப் போவாள். யாரோ எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கணினி நம்பும். பூட்டாது.

“இன்னாம்மா, சாமியையே வேலைக்கு வெச்சிட்டீங்களா?” என்றேன்.

“ஏமி சார் செய்றது? எங்கூட்டு ஆளு மாதிரி இல்ல இவரு. வெச்ச எடத்துலயே குந்திக்கினு கீறாரு.”

சிரித்தேன். படம் பிடித்து எங்கள் நிறுவனத்தின் பெங்களூர்க் கூட்டத்தில் காட்டினேன். குளிரூட்டிய அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே எனக்கு உறைத்தது... உறைத்தது, கேள்! பிள்ளையார் எழுதிக்கொண்டிருந்தால் என் திரையும் எச்சரிக்கைகளை நிறுத்திவைக்குமே? இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்று ஓர் எல்லை வைத்தால் போதும். அரைநாள் வேலை. ஆனால் என் வாக்கியத்தின் அழகு கெட்டுவிடுமே! அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏகாம்பரம் என் அத்தை மகன். சித்தூர் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு மாங்காய் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர். ஏற்றிய பாரத்தின் மேலிருந்து வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. புத்தூரில் ஒரு பெரியவரிடம் கட்டுப் போட்டார்கள். சில நாளில் காய்ச்சல் வந்தது. திருப்பதிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். என் திரை இருக்கும் மருத்துவமனை... பெருமை!

மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எலும்பில் தகடு வைத்தார். அறுவை முடிந்து வந்தவனின் கால்விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தன. ஆட்டியும் காட்டினான்.

“இன்னா மச்சான், சாவு வூட்ல கூட சத்தம் இருக்கும். இங்க இப்டிக் கம்முனு கீது?”

“அதான்டா என் வேலை.”

“சத்தம் போடாம இருக்கறதுக்கு உனக்குச் சம்பளமா? நல்லாத் துன்ன போ!”

மறுநாள் காலை போனபோது அவன் படுக்கையைச் சுற்றி மருத்துவர்கள். கால் உள்ளுக்குள்ளே வீங்கி, விரல்கள் கறுத்திருந்தன. கஸ்தூரியும் அங்கேதான் நின்றாள். அவள் மேசையில் ஆள் இல்லை. ஸ்பேஸ் பாரின் மேல் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

எடுத்தேன்.

வந்தன... ஒன்றன்பின் ஒன்றாக, சிவப்பாக. ‘வலது கால், இரத்த ஓட்டம் குறைகிறது.’ ‘வலது கால், இரத்த ஓட்டம் குறைகிறது.’ ‘இரத்த ஓட்டம் இல்லை.’ அவன் கால்விரலில் மாட்டிய கருவி விடிந்ததிலிருந்து கத்தியிருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த மரியாதையோடு அத்தனையும் வரிசையில் நின்றிருக்கின்றன! ஒவ்வொன்றுக்கும் நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்த மெல்லிய மணியோசை.

‘பார்த்தாயிற்று’ என்ற பொத்தானை அழுத்தி அழுத்தி எல்லாவற்றையும் மறையச் செய்தேன். பிள்ளையாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மருத்துவர் வெளியே வந்ததும், “புத்தூர்ல ரொம்ப இறுக்கிக் கட்டிட்டாங்க போல சார்,” என்றேன். உடனே தலையாட்டினார். எவ்வளவு எளிதாக நம்பினார்! தன் கையால் பிரித்த கட்டை அவரும் மறந்தார். படித்தவனுக்குப் படிக்காதவன்மேல் பழி போட வழி கிடைத்தால் போதும், தன் கண்ணையே சந்தேகிப்பான்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

எங்கள் ஆட்கள் புத்தூருக்குப் போய் அந்தப் பெரியவரின் வாசலில் எண்ணெய்ச் சட்டிகளை உடைத்தார்கள். மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர், “வெரலு சூடா இருந்துச்சே நைனா... நான் தொட்டுப் பாத்தனே,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும்தான் தொட்டுப் பார்த்தேன். காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சார், எங்க பிள்ளையாரைப் பாத்தீங்களா?” என்று பிறகு கஸ்தூரி கேட்டாள்.

“இல்லியேம்மா.”

அவள் வேலையைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். த்தூ! அவள் மாட்டினால் என் திரையும் மாட்டும், அவ்வளவுதான். மென்பொருளின் அடுத்த பதிப்பில் அந்தக் காத்திருப்பு எல்லையைச் சத்தமில்லாமல் சேர்த்தேன். புதிய வசதி என்று சொல்லி அதற்கும் விலை வாங்கினேன். கைதட்டினார்கள்.

ஏகாம்பரம் இப்போது சித்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். எலும்பு முறிந்தவன் எவன் வந்தாலும், “புத்தூர்க்கு மட்டும் போயிடாத நைனா. எம்மச்சான் அமெரிக்கா போனவன், அவனே சொல்லிகிறான்,” என்கிறானாம். என்னைச் சாட்சிக்கு இழுக்கிறான்!

அடிக்கடி அழைப்பான். “துன்னியா மச்சான்?” அவ்வளவுதான் கேட்பான். “துன்னேன்டா,” என்று சொல்லி வைத்துவிடுவேன்.

என் சொந்தக் கணினியில் மட்டும் பழைய விதிதான், எல்லை இல்லாத விதி. நான் எழுதும்வரை எந்த அழைப்பும் என்னை எட்டாது. இந்தப் பக்கத்தைத் தொடங்கியதிலிருந்து திரையின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி நிற்கிறது. ஏகாம்பரம். கை ஓய்ந்தால் மணி அடிக்கும்.

அவனிடம் சொல்ல வேண்டியதைத்தான் இவ்வளவு நேரம் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முகம் தெரியாத உன்னிடம்! எதற்கு என்று நினைத்தாய்? நீ என்ன பெரிய நீதிபதியா?

சொல் தீர்ந்துவிட்டது... புள்ளி அப்படியே நிற்கிறது.

பிள்ளையார் மேசைமேல்தான் இருக்கிறார். எடுத்து ஸ்பேஸ் பாரின் மேல் வைக்கிறேன்.